சைக்கிளின் கணக்கும் காரின் மரியாதையும்

ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி ஆற்றல் இருக்கிறது. சமதரையில், மணிக்கு இருபது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் சைக்கிள் மிதிக்கும் ஒருவரின் உடல் ஒரு கிலோமீற்றருக்கு 15 முதல் 20 கிலோகலோரி வரை செலவழிக்கிறது. பெற்றோலைக் குடித்துச் செமிக்க மனிதரால் முடியுமென்றால், அந்த ஒரு லீற்றரைக்கொண்டு 400 கிலோமீற்றர் போகலாம். மலைகளை மறந்துவிட்டால், சூரிச்சிலிருந்து ஜெனீவாவுக்குப் போய், திரும்பும் வழியில் லவுசானையும் தாண்டிவிடலாம். நகரத்துக்குள் ஓடும் சாதாரணப் பெற்றோல் கார் அதே லீற்றரில் போவது 12 அல்லது 13 கிலோமீற்றர். முப்பது மடங்கு வித்தியாசம்.

இந்தக் கணக்கைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் அதை மறுத்ததில்லை. ஒருவரும் அதற்காகக் காரை விற்றதுமில்லை. கணக்குத் தெரிந்த பிறகும் அதன்படி நடக்காமல் இருப்பது ஒழுக்கக் குறைவா? அல்லது இந்தக் கணக்கு ஒழுக்கத்தைப் பற்றி எதுவுமே சொல்லவில்லையா? இந்தக் கேள்வி என்னைச் சில வருடங்களாக விடாமல் பிடித்திருக்கிறது.

முதலில் கணக்கையே முடித்துவிடுவோம். நகரப் போக்குவரத்தில் வித்தியாசம் ஏன் இவ்வளவு பெரிதாகிறது என்பதற்குக் காரணம் எளியது: எடை. 70 கிலோ மனிதர் ஒருவரை 1,500 கிலோ எடையுள்ள கார் சுமந்து போகிறது. நகர்த்தப்படுவதில் மனிதரின் பங்கு இருபதில் ஒன்றுக்கும் குறைவு. மிச்சமெல்லாம் வாகனம் தன்னைத்தானே சுமப்பதற்கு. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது இந்த எடை அவ்வளவு உறுத்தாது. நகரத்தில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் உறுத்தும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் நிற்கும்போது, அதுவரை சேர்த்த இயக்க ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும். 20 கிலோமீற்றர் வேகத்தில் வரும் சைக்கிள் அதே விளக்கில் இழப்பது அதில் நூறில் ஒரு பங்கு. விளக்கு பச்சையானதும் கார் மறுபடி 50 வேகத்தை எட்டுவதற்கு எரிக்கும் பெற்றோலின் ஆற்றலில், சைக்கிள்காரர் ஏழெட்டுக் கிலோமீற்றர் போய்விடுவார். ஒரே ஒரு விளக்கின் செலவு அது.

சைக்கிளின் இந்தச் சிறப்பை முறையாக எழுதிவைத்தவர்களில் ஒருவர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பொறியியலாளர் எஸ். எஸ். வில்சன். 1973 மார்ச் மாத 'சயன்டிபிக் அமெரிக்கன்' இதழில் அவர் விலங்குகளையும் இயந்திரங்களையும் ஒரே அளவுகோலில் நிறுத்தினார்: ஒரு கிராம் எடையை ஒரு கிலோமீற்றர் நகர்த்த யாருக்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும்? நடந்து போகும் மனிதர் அந்த வரிசையில் நல்ல இடத்தில் இருந்தாலும் முதலிடத்தில் இல்லை. அவரைச் சைக்கிளில் ஏற்றியதும் செலவு ஐந்தில் ஒன்றாகக் குறைந்து, எல்லா உயிர்களையும் எல்லா இயந்திரங்களையும் முந்திவிட்டார். ஸ்டீவ் ஜொப்ஸ் கணினியை மனதுக்கான சைக்கிள் என்று சொல்லித் திரிந்தது இந்த ஒப்பீட்டை வைத்துத்தான். என் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தச் சொல் மனப்பாடம். அதன் பின்னால் இருந்த சைக்கிள்தான் மறந்துபோயிற்று.

இதற்கு இரண்டு நியாயமான மறுப்புகள் உண்டு. ஒன்று, சைக்கிள்காரர் சாப்பிடுவது ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. உரம், உழவு இயந்திரம், குளிரூட்டி, லொறி என்று இன்றைய உணவு தட்டுக்கு வருமுன்னே எரிபொருளைத் தின்றுவிட்டுத்தான் வருகிறது. மாட்டிறைச்சியின் பலத்தில் மிதிப்பவருக்கும் சோறும் பருப்பும் சாப்பிட்டு மிதிப்பவருக்கும் கணக்கு ஒன்றல்ல. மற்றது, மின்சாரக் கார் வந்துவிட்டதே, அதுவும் இந்த நாட்டில் மின்சாரத்தின் பெரும் பங்கு நீர்வீழ்ச்சியிலிருந்துதானே என்பது. இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்ட பிறகும் மின்சாரக் கார் 100 கிலோமீற்றருக்கு 15 முதல் 20 கிலோவாட் மணி கேட்கிறது. மின்சாரச் சைக்கிள் ஒன்றைச் சுற்றிக் கேட்கிறது. மின்சாரக் கார் புகையை நீக்குகிறது. எடையை நீக்கவில்லை, மின்கலத்தால் கூட்டியிருக்கிறது.

எடையை உண்மையாகவே நீக்கிப் பார்த்தவர்கள் சூரிச் இ.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர். 2005ஆம் ஆண்டு அவர்கள் செய்த 'பாக்-கார் 2' என்ற ஐதரசன் வாகனம், ஒரு லீற்றர் பெற்றோலுக்குச் சமமான எரிபொருளில் 5,385 கிலோமீற்றர் என்ற உலக சாதனையைப் படைத்தது. அதன் எடை முப்பது கிலோவுக்கும் குறைவு. மூன்றே சில்லுகள். ஓட்டுநர் ஒருவர் மட்டும், மல்லாந்து படுத்தபடி, மெதுவாகப் போக வேண்டும். குளிரூட்டி இல்லை, பின் ஆசனம் இல்லை, பொருள் வைக்க இடமில்லை. கார் ஒன்றை உண்மையில் சிக்கனமாக்க வேண்டுமென்றால், அதைக் காராக ஆக்கும் எல்லாவற்றையும் கழற்றி எறிய வேண்டும் என்பதை அந்த வாகனம் காட்டியது. அப்படிக் கழற்றிய பின் மிஞ்சுவது ஏறத்தாழ ஒரு சைக்கிள்.

ஆகவே கணக்கில் சந்தேகம் இல்லை. சந்தேகம் நம்மிடம்.

சுவிஸ் மக்கள் இந்த விஷயத்தில் தங்கள் மனதை வாக்குச்சீட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியின்போது அரசு நவம்பர் 25, டிசம்பர் 2, டிசம்பர் 9 ஆகிய மூன்று ஞாயிறுகளில் தனியார் வாகனங்களைத் தடை செய்தது. நெடுஞ்சாலையில் மக்கள் நடந்தார்கள், சைக்கிள் ஓடினார்கள். அந்த நாட்களைப் பற்றி வயதான சுவிஸ்காரர்கள் ஒரு திருவிழாவைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். ஆனால் வருடத்தில் பன்னிரண்டு ஞாயிறுகளை அப்படி ஆக்கலாமா என்று 1978இல் கேட்டபோது பெரும்பான்மையினர் வேண்டாம் என்றார்கள். நான்கே ஞாயிறு போதும் என்று 2003இல் கேட்டார்கள். அதற்கும் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் வேண்டாம். அதே நாடு 2018 செப்டம்பர் 23 அன்று சைக்கிள் பாதைகளை அரசியலமைப்பில் சேர்க்க 73.6 சதவீத ஆதரவு கொடுத்தது. சூரிச் நகரம் 2008இல், ஆளுக்கு 2000 வாட் என்ற ஆற்றல் எல்லையை நோக்கி நகர்வோம் என்று 76.4 சதவீத வாக்குகளால் தனக்குத்தானே கட்டளையிட்டுக்கொண்டது. கூடுதலாக ஒரு நல்லதைத் தரச் சொன்னால் தருவார்கள். இருக்கும் வசதியில் ஒன்றை விடச் சொன்னால் விடமாட்டார்கள். இதில் சுவிஸ்காரர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. மனிதர் எல்லோரும் அப்படித்தான்.

2000 வாட் என்றால் என்ன என்று பார்த்தால் விஷயத்தின் கனம் தெரியும். ஓய்வாக இருக்கும் மனித உடல் 80 முதல் 100 வாட் வரை எடுக்கிறது. 2000 வாட் என்பது இருபது உடல்களை இரவு பகலாக நமக்காக எரியவைப்பதற்குச் சமம். சூரிச் கேட்டது அந்த இருபதோடு நிற்க வேண்டும் என்பதுதான். இந்த நாட்டில் ஒருவரின் செலவு அப்போது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். தினமும் 30 கிலோமீற்றர் தனியாகக் கார் ஓட்டுபவர் எரிக்கும் பெற்றோல் மட்டும் சராசரி 900 வாட் அளவுக்கு வரும். அனுமதித்த பங்கில் பாதிக்குக் கிட்ட அங்கேயே முடிந்துவிடுகிறது. அதே தூரத்தை மிதித்துப் போனால் 26 வாட்.

இந்த இடத்தில் நமக்கு மட்டும் தெரிந்த ஒரு செய்தி உண்டு. 2000 வாட் சமுதாயத்தை நாங்கள் சூரிச்சுக்கு முன்பே, ஒருவரும் வாக்களிக்காமலே, அடைந்திருந்தோம். 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போவது தடைப்பட்டது. மின்சாரம் இல்லை. பழைய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களும் சில சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் செய்யப்பட்டு, மண்ணெண்ணெயில் கரும்புகை கக்கி ஓடின. மற்ற எல்லாம் சைக்கிள். விறகும் நெல்மூட்டையும் சைக்கிளில் போயின. கரியரில் கர்ப்பிணி இருந்தார், பாரில் பிள்ளை இருந்தது. றேடியோவுக்குப் பற்றரி கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவின் மின்சாரத்தில் அயல் முழுவதும் கூடிநின்று பீ.பீ.சி. தமிழோசை கேட்டது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நகர்ந்தபோது, ஒரு குடும்பத்தின் முழுச் சொத்தையும் தாங்கியது பெரும்பாலும் ஒரு சைக்கிள்தான். ஏறி ஓட இடமில்லாததால் உருட்டிக்கொண்டு போனார்கள்.

உலகத்தின் மிகச் சிக்கனமான போக்குவரத்து முறைகளில் ஒன்று அங்கே நடந்தது. அதை ஒழுக்கம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பட்டினி கிடந்தவரை விரதம் இருந்தார் என்று சொல்வதில்லை. விரதத்துக்கும் பட்டினிக்கும் வயிற்றில் ஒரே கணக்கு. வித்தியாசம் தட்டைத் தள்ளிவைத்தது யார் என்பதில் இருக்கிறது. செயல்திறன் என்ற எண்ணிலும் இந்த வித்தியாசம் தெரியாது.

இதை எனக்குத் தெளிவாகச் சொன்னவர் ஒரு பெரியவர். எண்பதுகளில் அகதியாக வந்து, உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவித் தொடங்கியவர். மண்டபம் ஒன்றில் நடந்த நிகழ்வுக்கு நான் சைக்கிளில் போனதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, இவ்வளவு படிச்சும் சைக்கிளிலையோ வாறியள்?" என்று கேட்டார். நான் மேலே சொன்ன கணக்கைச் சுருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "கணக்குச் சரி. ஆனா நான் பன்னிரண்டு வருசம் ராத்திரி வேலை முடிச்சுப் பனிக்குள்ள சைக்கிள் மிதிச்சவன். வெள்ளைக்காரன் சைக்கிளில போனா உடற்பயிற்சி எண்டுவினம். நான் போனா, பாவம், காசில்லை எண்டுவினம். அந்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கோ" என்றார்.

சேர்த்துப் பார்க்கத்தான் வேண்டும். ஒரே இயந்திரம், ஒரே ஆற்றல். ஆளைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. இந்த நாட்டில் வங்கி இயக்குநர் சைக்கிளில் வந்தால் அது அவருடைய மதிப்பைக் கூட்டும். அவருக்கு அதிகாலையில் அலுவலகம் துப்புரவாக்குபவர் சைக்கிளில் வந்தால் அது அவருடைய சம்பளத்தை அறிவிக்கும். கார் எரிக்கும் பெற்றோலில் ஒரு பகுதி பயணத்துக்கல்ல, மரியாதைக்கு. பெரியவரின் கணக்கில் அது வீண் செலவே அல்ல. பன்னிரண்டு வருடப் பனிக்குக் கிடைத்த இழப்பீடு.

ஆனால் மரியாதை எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்கலாம். தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் தலித் மக்கள் ஆதிக்கசாதித் தெருக்கள் வழியே சைக்கிள் ஓட்டிப் போக முடியாது. இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. அங்கே சைக்கிள் ஓட்டுவது ஒருவருடைய தகுதிக்கு மிஞ்சிய செயலாகக் கருதப்பட்டது. இங்கே ஒருவருடைய தகுதிக்குக் குறைவானதாகக் கருதப்படுகிறது. சைக்கிள் மாறவில்லை. மேல் கீழ் என்று அடுக்கும் பழக்கம் கைக்குக் கிடைத்த எந்தப் பொருளையும் தூக்கி அடுக்கும்.

அந்த அடுக்கைக் கலைக்கவும் முடியும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரித் தொழிலாளர், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர் என்று பல்லாயிரம் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். கேலி செய்தவர்கள் இருந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதியபோது, பெண்கள் அவரிடம் பேசியது பெரும்பாலும் தன்மதிப்பைப் பற்றியும், பேருந்துக்கும் ஆணுக்கும் காத்திருக்கத் தேவையில்லாமல் போனதைப் பற்றியும்தான். கலோரிக் கணக்கு அங்கே ஒருவருக்கும் தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் சிறையின் அடையாளமாக இருந்த பொருள், அதே ஆண்டுகளில், கடலுக்கு அப்பால் கதவைத் திறந்தது. மரியாதை பொருளில் இல்லை. அதைத் தெரிவு செய்ய முடிந்ததா என்பதில் இருக்கிறது.

என் தொழிலில் யாராவது செயல்திறன் என்று சொன்னால் முதலில் கேட்கும் கேள்வி: எதை எதால் வகுத்தீர்கள்? காருக்கும் சைக்கிளுக்கும் நாம் செய்த ஒப்பீடு ஆற்றலைக் கிலோமீற்றரால் வகுத்தது. ஆனால் ஒருவருக்கும் கிலோமீற்றர் தேவையில்லை. பாண் தேவை, பள்ளிக்கூடம் தேவை, வேலை தேவை. வியன்னாவில் பிறந்த சிந்தனையாளர் இவான் இலிச் 1973இல், எண்ணெய் நெருக்கடி வெடிப்பதற்குச் சில மாதங்கள் முன்னர், ஆற்றலையும் சமத்துவத்தையும் பற்றி எழுதிய சிறு நூலில் இந்த வகுத்தலைத் தலைகீழாக்கினார். சராசரி அமெரிக்கர் காருக்குள் இருக்கும் நேரம், காருக்காக உழைக்கும் நேரம் எல்லாம் சேர்த்தால் வருடம் 1,600 மணித்தியாலம்; அதில் அவர் போகும் தூரம் 12,000 கிலோமீற்றர். மணிக்கு ஏழரைக் கிலோமீற்றர். வேகமாக நடப்பவரைச் சற்றே முந்துகிறார். அவருடைய முக்கியமான வாதம் அடுத்தது: ஒருவருடைய வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால், அது மற்றவர்களின் நேரத்தையும் இடத்தையும் எடுத்துக்கொள்கிறது. கார் எல்லோருக்கும் என்று நகரம் விரிந்தால், கடையும் வேலையும் தள்ளிப்போய், கார் இல்லாதவர் நடந்து எட்ட முடியாதவராகிறார். பிறகு கார் தேவையாகிவிடுகிறது. தேவையை உண்டாக்கிய பொருளே அந்தத் தேவைக்கு நியாயமாகவும் நிற்கிறது.

இதைச் சூரிச்சில் கண்ணால் காணலாம். நகர நடுவில் வாடகை கொடுக்க முடிந்தவருக்கு அலுவலகம் இரண்டு கிலோமீற்றர். அவர் சைக்கிளில் போய்ச் சிக்கனமானவர் என்று பெயர் வாங்குகிறார். அவருடைய அலுவலகத்தை விடியமுன் துப்புரவாக்குபவர் நகரத்துக்கு வெளியே, வாடகை தாங்கக்கூடிய இடத்தில் இருக்கிறார். முதல் ரயிலுக்கு முன்னர் வேலைக்கு வந்தாக வேண்டும். அவர் கார் ஓட்டுகிறார். ஆற்றல் எண்ணை மட்டும் பார்த்து இவர்களில் யார் நல்லவர் என்று தீர்ப்புச் சொன்னால், அந்தத் தீர்ப்புத்தான் ஒழுக்கக் கேடு.

அப்படியானால் முப்பது மடங்கு என்ற எண்ணுக்குப் பொருளே இல்லையா? இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த எண் எவருக்கும் கட்டளையிடாது. ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதை அது தீர்மானிக்கிறது. இப்போது நம் மண்டபங்களில் கேள்வி கேட்கப்படுவது சைக்கிளில் வருபவரிடம். ஏன் கார் இல்லை, என்ன பிரச்சினை என்று. முப்பது மடங்கு எடுத்துக்கொள்பவரிடம் எவரும் எதுவும் கேட்பதில்லை. அது தலைகீழாக வேண்டும். 70 கிலோ உடலை மூன்று கிலோமீற்றர் நகர்த்த 1,500 கிலோவை நகர்த்துபவர்தான் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். அந்தப் புகையையும் சத்தத்தையும் நெரிசலையும் அவர் தனியாகச் சுமக்கவில்லை. கேளாமலே எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறார்.

காரணங்கள் உண்டு, நல்ல காரணங்கள். விடியற்காலை வேலை ஒரு காரணம். முழங்கால் வலி ஒரு காரணம். இரவில் தனியாகத் திரும்பும் பெண்ணின் பயம் ஒரு காரணம். மூன்று பிள்ளைகளும் பனியும் ஒரு காரணம். இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டியது நகரத்தின் கடமை. பாதையும் விளக்கும் வாடகையும் தனிமனிதரின் ஒழுக்கத்தால் சரியாவதில்லை. ஆனால் மரியாதை என்ற காரணத்தை நகரசபை தீர்க்க முடியாது. அது நாம் ஒருவருக்கொருவர் கொடுப்பதும் பறிப்பதும்.

இங்கே பிறந்த நம் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியிலேயே காவல்துறையினர் நடத்தும் வெலோப் பரீட்சையில் சித்தியடைகிறார்கள். கை காட்டித் திரும்பவும், தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கவும் அழகாகப் பழகுகிறார்கள். பதினெட்டு வயதானதும் அவர்களில் பலருக்கு முதற் கனவு, தவணைக்கு எடுக்கும் கார். இந்தக் கனவை அவர்கள் சுவிஸ் பள்ளியில் படிக்கவில்லை. எங்களுடைய பேச்சிலிருந்து படித்தார்கள். பெரியவரின் பன்னிரண்டு வருடப் பனிக்கு நாங்கள் மரியாதை கொடுத்திருந்தால், அவருக்கு அதைக் காரிடம் போய்த் தேட வேண்டி வந்திருக்காது. அவர் தன் காரை வைத்திருக்கட்டும். அவர் சொல்ல வேண்டிய காரணத்தைச் சொல்லிவிட்டார். அடுத்த முறை யாராவது சைக்கிளில் வந்து இறங்கும்போது கேட்காமல் விடவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதை விடுவதற்கு ஆற்றல் எதுவும் செலவாகாது.